மீன் சாப்பிடும் நாட்டில் பக்கவாதம் ஏன்?

போன இதழில், ஜப்பானின் செண்டாய் நகரத்தில் நான் குடியிருந்த வீட்டுப் பாட்டியம்மாவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். காலையில் எழுந்ததும் பிரஷர் பார்த்து நோட்டில் குறித்துவைப்பார் என்று. அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள், நான் மூட்டுவலியைப் பற்றி எழுதிய நாலு பக்கத்துக்குக்கூட வந்ததில்லை. சரி, இந்த முறை முழுக்க ஜப்பான். அங்கே 11 வருடம் இருந்தேன். பொது சுகாதாரம் படித்தேன், அப்புறம் தொஹோகு என்ற வடகிழக்குப் பகுதியின் சின்ன ஊர்களில் பரிசோதனை முகாம்களோடு சுற்றினேன். நான் நரம்பியல் நிபுணர் அல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மீன், கடற்பாசி, பச்சைத் தேநீர், ஒல்லியான உடம்பு. இவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்கிறார்கள். அப்படியானால் பக்கவாதம் மட்டும் எப்படி வந்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

ஐயா, இதயத்துக்கும் மூளைக்கும் போவது ஒரே ரத்தம்தான். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி கெட்டுப்போவதில்லை.

ஜப்பானில் 1950 வரை அதிகம் பேரைக் கொன்றது காசநோய். 1951இல் அந்த முதல் இடத்துக்குப் பக்கவாதம் வந்தது. 1980 வரை, முழுசாக 30 வருடம், இறங்கவே இல்லை. 1981இல்தான் புற்றுநோய் அதை முந்தியது. அதே காலத்தில் மாரடைப்பு நிஜமாகவே குறைவு. அமெரிக்கரான ஆன்சல் கீஸ் நடத்திய ஏழு நாடுகள் ஆய்வில் க்யூஷு பகுதியின் இரண்டு ஊர்கள் இருந்தன. தனுஷிமாரு விவசாய ஊர், உஷிபுகா மீனவர் ஊர். பின்லாந்து ஆண்களுக்கு வந்த மாரடைப்போடு ஒப்பிட்டால் இவர்களுக்கு வந்தது கொஞ்சம்தான்.

மூளையைக் கெடுத்தது உப்பு. என் வீட்டுக்காரப் பாட்டி பிறந்தது செண்டாயில் அல்ல, வடக்கே அகிதாவில். நாலு மாதம் பனி மூடிக் கிடக்கும் ஊர். குளிர்காலத்துக்குக் காய்கறி வேண்டுமென்றால் இலையுதிர் காலத்திலேயே உப்பில் போட்டுவைக்க வேண்டும். முள்ளங்கியை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகையில் வாட்டி, தவிடும் உப்பும் சேர்த்து ஊறப்போடுவார்கள். இபுரிகக்கோ என்று பெயர். நமக்கு டீக்குக் கடிக்க முறுக்கு மாதிரி அவர்களுக்கு அந்த ஊறுகாய். வேளாவேளைக்கு மிசோ சூப், அதாவது உப்பு சேர்த்துப் புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்தது. நீங்கள் சொன்ன மீனும் உப்பில் புதைத்த மீன்தான். லூயிஸ் டால் என்ற அமெரிக்க மருத்துவர் 1960இல் வெளியிட்ட கணக்கின்படி, வட ஜப்பானில் ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட உப்பு சுமார் 27 கிராம். தென் ஜப்பானில் 14. டீஸ்பூனில் அளந்து பாருங்கள், 27 கிராம் என்பது நாலரை ஸ்பூன் வரும்.

உப்போடு குளிரும் சேர்ந்துகொண்டது. பழைய வீடுகளில் சூடு இருப்பது கொதாட்சு போட்ட ஒரே அறையில்தான். மேஜைக்கு அடியில் கணப்பு, மேலே மெத்தை விரிப்பு, அதற்குள் எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். கழிப்பறை வீட்டின் கடைக்கோடியில், வெளியே இருக்கும் அதே குளிரில். ஏற்கெனவே பிரஷர் ஏறிக் கிடக்கும் உடம்பு அந்தக் குளிருக்குள் போனால் இன்னும் ஏறும். பாட்டியின் கணவர் 1968 ஜனவரியில் ஒரு விடிகாலை அந்தக் கழிப்பறை வாசலில்தான் விழுந்தார். வயது 52. பாட்டி என்னிடம் சொன்னது ஒரே சொல்: "அதத்தா." பட்டுவிட்டது, தாக்கிவிட்டது என்று அர்த்தம். பெரியவர்கள் பக்கவாதத்தை சூஃபூ என்பார்கள். ஃபூ என்றால் காற்று, காற்று தாக்கிய நோய். நாம் வாதம் என்கிறோம், பாரிசவாயு என்கிறோம். வாதமும் காற்றுதான், வாயுவும் காற்றுதான். இதைச் சொன்னபோது பாட்டி சிரித்துவிட்டு, "உங்கள் ஊரில் குளிரே கிடையாதே, காற்று எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். அவர் கணவர் தினமும் சாக்கே குடிப்பவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிகக் குடி மூளைக்குள் ரத்தக் கசிவைக் கூட்டும்.

'அவர்கள் இனமே அப்படி' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் இருந்தவர்கள், ஹொனலுலுவுக்குப் போனவர்கள், சான் பிரான்சிஸ்கோ பக்கம் போனவர்கள் என்று ஒரே வம்சாவளி ஜப்பானிய ஆண்களை 1965 முதல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவை நெருங்க நெருங்க இதய நோய் கூடியது. பக்கவாதம் தாயகத்தில்தான் அதிகம்.

எப்படிக் குறைந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1961இல் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு வந்தது. 1963இல் ஒசாகா மருத்துவர்கள் பிரஷர் கருவியோடு அகிதாவின் இகாவா கிராமத்துக்குப் போய், ஊரையே உட்காரவைத்து அளக்க ஆரம்பித்தார்கள். சுகாதார நர்சுகள் வீடு வீடாகப் போய் மிசோ சூப்பில் உப்பு எவ்வளவு என்று ருசி பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்தது, உப்பில் புதைக்கும் தேவை குறைந்தது. வயது வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால், 1965இலிருந்து 25 வருடத்தில் பக்கவாதச் சாவு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்திருக்கிறது. நாடு முழுக்க உப்பு இப்போது ஆளுக்கு 10 கிராம் அளவில் நிற்கிறது. அரசு சொல்லும் இலக்கு ஆண்களுக்கு 7.5, பெண்களுக்கு 6.5. இன்னும் எட்டவில்லை. சோயா சாஸ் புட்டி மேஜையில் இருக்கும்வரை எட்டுவது கஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

ஜப்பானியர்களுக்கு வரும் பக்கவாதத்தில், மூளை ரத்தக்குழாய் அடைப்பைவிட ரத்தக் கசிவுதான் அதிகம் என்று வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?
– மருத்துவக் கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

உங்கள் பேராசிரியர் பழைய புத்தகத்தைப் படித்திருக்கிறார். 1950களின் ஜப்பானிய இறப்புச் சான்றிதழ்களைக் கூட்டினால், அடைப்பால் இறந்தவர்களைப் போல 12 மடங்கு பேர் கசிவால் இறந்ததாக வரும். மேல்நாட்டு நிபுணர்கள் நம்பவில்லை. சிடி ஸ்கேன் இல்லாத காலம். ஒருவர் திடீரென்று விழுந்து செத்தால், உள்ளூர் மருத்துவர் 'மூளையில் ரத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இதைத் தீர்க்க ஒரே வழி திறந்து பார்ப்பதுதான். க்யூஷு பல்கலைக்கழகப் பேராசிரியர் கட்சுகி ஷிபனோசுகே, 1961இல் ஃபுகுஓகா நகரத்தை ஒட்டிய ஹிசாயாமா என்ற ஊரை எடுத்துக்கொண்டார். வயதிலும் தொழிலிலும் ஜப்பானின் சராசரியை உரித்துவைத்த ஊர். 40 வயது தாண்டிய எல்லோரையும் பரிசோதித்தார்கள். யார் இறந்தாலும் குடும்பத்திடம் போய்க் கைகூப்பி, உடலைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டார்கள். பத்தில் எட்டுக் குடும்பம் சரி என்றது! நம் ஊரில் துக்க வீட்டில் போய் இதைக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆய்வின் பெருமையை நான் அந்தக் குடும்பங்களுக்குத்தான் கொடுப்பேன். திறந்து பார்த்ததில் அந்த 12 மடங்கு காணாமல் போனது. சாவுக் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வந்தன.

கசிவு மேல்நாடுகளைவிட அங்கே கொஞ்சம் கூடத்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் இன்று ஜப்பானில் பக்கவாதத்தோடு வருபவர்களில் நாலில் மூன்று பேருக்கு அடைப்புதான். ஹிசாயாமா ஆய்வு இன்னும் நடக்கிறது.

டாக்டர், வயது 41, ஐடி வேலை, டோக்கியோவில் நிஷிகசாய். கம்பெனி பரிசோதனையில் இடுப்பு 87 செ.மீ., பிரஷர் 142/90. 'மெதாபோ' என்று கடிதம் வந்திருக்கிறது. என் உயரத்துக்கு 87 எல்லாம் ஒரு தொப்பையா? ஆஸ்பத்திரி பதற்றத்தில் பிரஷர் ஏறியிருக்கும் என்று மனைவி சொல்கிறாள்.
– வாசகர், டோக்கியோ

தம்பி, நீங்கள் இடுப்பைப் பற்றிக் கோபப்படுகிறீர்கள், நான் அடுத்த எண்ணைப் பார்த்துக் கவலைப்படுகிறேன்.

இடுப்புக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். மெதாபோ என்பது 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்', தொப்பையோடு பிரஷர், சர்க்கரை, கொழுப்பு சேர்ந்து ஏறும் நிலை. 2008 ஏப்ரலில் இருந்து 40 முதல் 74 வயது வரை எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. இடுப்புக்கு வரம்பு ஆண்களுக்கு 85 செ.மீ., பெண்களுக்கு 90. உலகத்தில் பெண்களுக்கு ஆண்களைவிட அதிக இடுப்பு அனுமதித்த நாடு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான், அங்கேயே இதைப் பற்றிச் சண்டை உண்டு. வயிற்றுக்குள் கொழுப்பு 100 சதுர செ.மீ. தாண்டும் இடத்தை ஸ்கேனில் பார்த்து வைத்த எண் அது. இந்தியர்களுக்கு 90 என்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

பிரஷருக்கு வருவோம். உங்கள் மனைவி சொல்வது உண்மையாக இருக்கலாம், கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இவாதே மாவட்டத்தில் ஒஹாசாமா என்று ஒரு சின்ன ஊர். 1980களின் பிற்பகுதியில் தொஹோகு பல்கலைக்கழகத்தார் அங்கே வீடு வீடாக பிரஷர் கருவி கொடுத்து மக்களையே அளக்கச் சொன்னார்கள். யாருக்குப் பக்கவாதம் வரும் என்பதை, மருத்துவர் அளந்த எண்ணைவிட வீட்டில் அளந்த எண்தான் சரியாகச் சொன்னது. அதனால்தான் இன்று ஜப்பானிய மருத்துவர் முதலில் கேட்பது, "வீட்டில் எவ்வளவு?"

அளக்கும் முறையைச் சொல்கிறேன். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால், மாத்திரைக்கு முன்னால். நாற்காலியில் ஓரிரு நிமிடம் சும்மா உட்காருங்கள், போனைப் பார்க்காமல். பட்டையை மேல்கையில் கட்டி இரண்டு தடவை பாருங்கள். இரவு படுக்கப் போகுமுன் மறுபடி. ஒரு வாரம் எழுதுங்கள். வீட்டுச் சராசரி 135/85க்கு மேலே என்றால் மனைவி சொன்ன பதற்றம் காரணம் இல்லை, மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை ஆரம்பித்தால் உங்கள் வயதில் ஆஸ்பத்திரி எண் 130/80க்குக் கீழே, வீட்டில் 125/75க்குக் கீழே என்பது அவர்கள் இலக்கு. பெரும்பாலும் அம்லோடிபின் மாதிரி ஒரு மாத்திரையில் தொடங்குவார்கள்.

இரவு பத்தரைக்கு ஸ்டேஷன் பக்கத்தில் ராமென் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவதாகக் கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். சூப்பையும் குடித்து முடித்தால் அந்தக் கிண்ணத்தில் 5 கிராம் உப்புக்குக் குறையாது. ஒரு நாள் கோட்டாவில் பெரும்பகுதி முடிந்தது. நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு சூப்பை அப்படியே வையுங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். கடையில் 'கென்என்' என்று எழுதிய சோயா சாஸ், மிசோ கிடைக்கும். உப்பு குறைத்தது என்று அர்த்தம். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய ஆவக்காய் பாட்டிலும் இந்தக் கணக்கில் சேரும்!

பத்தரை மணி என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. 1969இல் ஒரு செய்தித்தாள் நிறுவனத்தின் அனுப்பும் பிரிவில் 29 வயது இளைஞர் பக்கவாதத்தில் இறந்ததைத்தான் முதல் கரோஷி என்று சொல்வார்கள். வேலை கொன்ற சாவு. இன்று அரசின் அளவுகோல் இது: நோய் வருவதற்கு முந்தைய மாதம் 100 மணி நேரம் கூடுதல் வேலை, அல்லது 2 முதல் 6 மாதம் வரை சராசரியாக மாதம் 80 மணி நேரம். போன மாதம் எவ்வளவு செய்தீர்கள் என்று கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. ஜப்பான்காரர் கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தாது. நம்மவர்களுக்கு மாரடைப்பு சீக்கிரமே வருகிறது. கடிதத்தில் இருக்கும் கொலஸ்ட்ரால், சர்க்கரை எண்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மனைவிக்கு ஒரு பாடம்: முகம் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சுக் குழறினால் 119. "காஜி தேசு கா, க்யூக்யூ தேசு கா?" என்று கேட்பார்கள். தீயா, ஆம்புலன்ஸா என்று. "க்யூக்யூ தேசு" என்று சொல்லி, "நோசொச்சூ" என்று சேர்த்துச் சொன்னால் போதும், அதுதான் பக்கவாதம். ஆம்புலன்சுக்குக் காசு கிடையாது. வீட்டு விலாசத்தை ஜப்பானிய மொழியில் சொல்லும்படி தமிழ் எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். நான் ஒட்டியிருந்தேன்.

என் மகள் ஜப்பான்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு யமகதாவில் இருக்கிறாள். சம்பந்தியம்மாவுக்கு 71 வயது. காலையில் எழும்போதே வலது கை, கால் விழுந்துவிட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடவில்லை. மூன்றாவது வாரமே 'வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். துரத்திவிட்டது மாதிரி இருக்கிறது. மகள் அழுகிறாள்.
– வாசகி, கோயம்புத்தூர்

அம்மா, முதலில் மகளிடம் சொல்லுங்கள், துரத்தவில்லை. நல்ல இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

ஊசியைப் பற்றி. அல்டெப்ளேஸ் என்ற அந்த மருந்து ஜப்பானில் 2005இல்தான் அனுமதி பெற்றது. மற்ற நாடுகளில் எடைக்குக் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அங்கே 0.6. ரத்தக் கசிவுக்குப் பயந்து, தங்கள் மக்களிடமே ஆய்வு செய்து குறைத்துக்கொண்டார்கள். ஆரம்பித்து 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்றிருந்ததை 2012இல் நாலரை மணி ஆக்கினார்கள். சம்பந்தியம்மா விஷயத்தில் சிக்கல், எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. இரவு படுக்கும்போது நன்றாக இருந்தார், அந்த நேரத்திலிருந்துதான் எண்ண வேண்டும். எம்ஆர்ஐ படத்தைப் பார்த்து, 'இது புதிது' என்று தெரிந்தால் சிலருக்கு இப்போது போடுகிறார்கள். பெரிய குழாயில் அடைப்பென்றால் தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை இழுத்தெடுப்பதும் உண்டு, தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரை. அவர் படத்தைப் பார்க்காமல் 'போட்டிருக்கலாம்' என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது ஆஸ்பத்திரி விஷயம்தான் முக்கியம். அங்கே உயிரைக் காப்பாற்றும் ஆஸ்பத்திரி வேறு, நடக்கவைக்கும் ஆஸ்பத்திரி வேறு. 2000த்தில் இருந்து 'மீண்டு வரும் கால' மறுவாழ்வு வார்டுகள் என்று தனியே வைத்திருக்கிறார்கள். பக்கவாதத்துக்கு 150 நாள் வரை அங்கே இருக்கலாம், மூளைச் சேதம் கடுமையாக இருந்தால் 180. பயிற்சி 20 நிமிடத் துண்டுகளாக, ஒரு நாளைக்கு 9 துண்டு வரை. அதாவது மூன்று மணி நேரம். கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர், பேச்சுக்கு ஒருவர். ஞாயிற்றுக்கிழமையும் விடாத இடங்களை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கையை மடக்கி நீட்டிவிட்டுப் போவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மகள் இப்போது செய்ய வேண்டியது நகராட்சி அலுவலகத்தில் 'கைகோ' காப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது. முதியோர் பராமரிப்புக் காப்பீடு. 65 தாண்டியவர்களுக்கு உண்டு. ஆள் வந்து பார்த்து, எவ்வளவு உதவி தேவை என்று தரம் போடுவார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், ஆகவே வீடு திரும்பும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். குளியலறைக் கைப்பிடி, வாசற்படிச் சாய்தளம் எல்லாவற்றுக்கும் அதில் உதவி கிடைக்கும். மருத்துவச் செலவுக்கு மாத உச்சவரம்பு இருக்கிறது, அதையும் ஆஸ்பத்திரியின் ஆலோசனை மேஜையில் கேட்கச் சொல்லுங்கள்.

ஜப்பான்காரர்கள் மாத்திரையே சாப்பிடாமல் உணவாலேயே கொலஸ்ட்ராலைக் குறைக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நான் ஸ்டாட்டினை நிறுத்தலாமா?
– வாசகர், மதுரை

நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரை பிறந்ததே ஜப்பானில். அதுவும் மேலே சொன்ன அதே அகிதாவில் 1933இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த எண்டோ அகிராவின் கையில். சாங்க்யோ மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஆறாயிரம் வரையான பூஞ்சைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, 1973இல் ஒரு நீலப் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். பென்சிலின் பூஞ்சையின் பங்காளிதான் அது. 2024இல் 90 வயதில் காலமானார். உங்கள் டப்பாவில் ரோசுவாஸ்டாட்டின் என்று இருந்தால், அதைக் கண்டுபிடித்ததும் ஒசாகாவின் ஷியோனோகி கம்பெனி.

அவர்கள் அளவு குறைவாகச் சாப்பிடுவது உண்மை. சுமார் எட்டாயிரம் ஜப்பானியர்களிடம் நடந்து 2006இல் வெளிவந்த 'மெகா' என்ற பெயருள்ள ஆய்வில், பிரவாஸ்டாட்டின் 10 முதல் 20 மில்லிகிராமிலேயே இதய நோய் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மேல்நாட்டு ஆய்வுகளில் 40 கொடுத்தார்கள். அளவைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள், வாட்ஸ்அப்பிடம் அல்ல.

எனக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். டிசம்பரில் மகனைப் பார்க்க ஒசாகா போகிறேன். வெந்நீர் ஊற்றில் குளிக்கலாமா? நத்தோ உடம்புக்கு நல்லது என்கிறானே?
– வாசகர், புதுச்சேரி

நத்தோ கூடவே கூடாது. புளிக்கவைத்த அந்த சோயாவில் வைட்டமின் கே ஏராளம், வார்ஃபரினை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். ஜப்பானில் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மருந்துக் கடைக்காரர் முதலில் சொல்வதே இதைத்தான். புது வகை ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை என்றால் தொந்தரவு இல்லை. ஆனால் நத்தோ சாப்பிடுவதற்காக மாத்திரையை மாற்றாதீர்கள். அந்த நாற்றத்துக்கு அது தகாது.

உங்கள் நோயை ஜப்பானில் எல்லோருக்கும் தெரிய வைத்தவர் பேஸ்பால் நாயகன் நகஷிமா ஷிகெயோ. 2004 மார்ச்சில், ஏதென்ஸ் ஒலிம்பிக் அணிக்கு அவர் பயிற்சியாளராக இருந்தபோது, சீரற்ற துடிப்பால் இதயத்தில் உறைந்த கட்டி மூளைக்குப் போனது. வலது பக்கம் விழுந்தது. விடாமல் பயிற்சி செய்தார். 2021 டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில், பழைய நண்பர் ஓ சதஹரு கூடவர, மட்சுயி ஹிதெகியின் தோளைப் பிடித்துக்கொண்டு சுடரோடு நடந்துவந்தார். நீங்கள் ஒரு வேளை மாத்திரையும் விடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

குளியல்: 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், குடித்துவிட்டு வேண்டவே வேண்டாம். உடை மாற்றும் அறை குளிராக இருந்தால் முதலில் அதைச் சூடாக்கச் சொல்லுங்கள். தொட்டியிலிருந்து சடாரென்று எழாதீர்கள்.

அந்த நோட்டுப் பாட்டி இப்போது எப்படி இருக்கிறார்?
– பல வாசகர்கள்

நாலு வருடத்துக்கு முன்னால் டிசம்பரில், அவர் வழக்கமாக அனுப்பும் புத்தாண்டு அட்டைக்குப் பதிலாக, சாம்பல் நிறக் கரை போட்ட அட்டை மகளிடமிருந்து வந்தது. வீட்டில் துக்கம், இந்த வருடம் வாழ்த்து இல்லை என்று சொல்லும் அட்டை. பாட்டிக்கு 93 வயது. சான்றிதழில் காரணம் 'ரோசுய்' என்று எழுதியிருந்ததாம். வெறும் மூப்பு. 2018இல் பக்கவாதத்தை நாலாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, ஜப்பானின் மூன்றாவது பெரிய இறப்புக் காரணமாக ஏறியது இதுதான். நோட்டுகள் மொத்தம் 31 இருந்தனவாம். கடைசி நோட்டைப் பெட்டியில் கூடவே வைத்து அனுப்பினார்களா என்று கேட்டேன். இல்லை, மகள் அதில் மீதிப் பக்கங்களில் தன் பிரஷரை எழுதிக்கொண்டிருக்கிறாள்.